லைசென்ஸ் அக்காவும் வடக்கு மலையும்

எழுபதுகளில் துபாயிலிருந்து ராஸ் அல் கைமா போகும் சாலையில் வண்டி ஓட்டியவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். லைசென்ஸ் அக்காவைத் தூரத்தில் பார்த்ததுமே ஒதுங்கி வழிவிட்டவர்கள் ஒரு வகை. கடைசி நொடியில் மணலில் இறங்கி வழிவிட்டவர்கள் இன்னொரு வகை. ஒட்டகங்கள் எல்லாம் முதல் வகை. அவற்றுக்கு அனுபவம் அதிகம்.

இந்த அக்காவின் வீட்டில்தான் நான் ஒன்றரை வருஷம் தங்கியிருந்தேன். திருச்சியிலிருந்து கட்டட வரைபடம் போடும் வேலைக்கு வந்தவன் நான். தங்குவதற்கு கம்பெனி குவார்ட்டர்ஸ் அடுத்த மாதம் தயாராகிவிடும் என்று கடிதம் போட்டிருந்தார்கள். அந்த அடுத்த மாதம் வந்து சேர ஒன்றரை வருஷம் பிடித்தது. அதுவரைக்கும் எங்கே போவது என்று தெரியாமல் முழித்தபோது, அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் துபாயின் தேரா பகுதியில் குடியிருந்த தன் தூரத்து உறவினருக்கு ஒரு கடிதம் எழுதினார். உறவினர் துறைமுகக் கிடங்கில் மேலாளர். பாளையங்கோட்டைக்காரர். அவருடைய மனைவிதான் அக்கா. அவரை நான் முதல் நாளிலிருந்தே அத்தான் என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடச் சொன்னது அக்கா.

பம்பாயிலிருந்து கப்பலில் வந்து இறங்கினேன். கால் இரண்டும் தரையிலேயே ஆடிக்கொண்டிருந்தன. துறைமுக வாசலில் கதவு ஒன்று கயிற்றால் கட்டப்பட்ட ஒரு பழைய ஜீப் நின்றது. அதன் மேல் சாய்ந்துகொண்டு, கண்டாங்கிச் சேலை, கறுப்புக் கண்ணாடி, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், காலில் கேன்வாஸ் ஷூவோடு ஓர் அம்மாள் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு.

"நீதான் திருச்சித் தம்பியா?"

"ஆமாங்க."

"வாந்தி வருமா?"

"கப்பல்லயே எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா."

"அப்பச் சரி. ஏறு."

நான் டிரைவரைத் தேடினேன். அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அதன்மேல் மடித்துப் போட்டிருந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, சாவியைத் திருகினார். அத்தான் எனக்கு முன்பே பின் இருக்கையில் ஏறி, மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க முன்னால உக்காரலையா அத்தான்?"

"நீ உக்காரு தம்பி. முன்னால உக்காந்தா கண்ணும் சேந்து பயப்படுது. இங்கனன்னா வயிறு மட்டும்தான்."

ஜீப்பில் ஹாரன் கிடையாது. தேவைப்படும்போது அக்கா "ஏங்க" என்பார். அத்தான் ஒரு கையை மட்டும் எடுத்து வெளியே நீட்டிக் கதவில் டம் டம் என்று தட்டுவார். துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் பதினோரு தடவை தட்டினார். அதன் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு அந்தப் பெயர் வந்த கதை தேராவில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் நம்மவர்களுக்கு லைசென்ஸ் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அத்தான் ஏழு தடவை டெஸ்ட்டுக்குப் போய் ஏழு தடவையும் திரும்பி வந்தவர். ஒரு தடவை, இடிக்காமல் ஓட்ட வேண்டும் என்று வரிசையாக நிறுத்தியிருந்த டிரம்மை இடித்தார். ஒரு தடவை டிரம்மை இடித்துவிடுவோமோ என்று பயந்து வண்டியை எடுக்கவே இல்லை. ஒரு தடவை மேட்டில் ஏறும்போது வண்டி பின்னால் உருள, போலீஸ் அதிகாரியே இறங்கி ஓடிவிட்டார். இந்த ஏழு தடவையும் அக்கா வேலிக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது தடவை விண்ணப்பம் எழுதும்போது, "எனக்கும் ஒண்ணு எழுதுங்க" என்றாராம்.

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"நீங்க என்னென்ன தப்புப் பண்ணுதீயன்னு ஏழு தடவ பாத்திருக்கேன். அதையெல்லாம் பண்ணாம இருந்தாப் போதும்லா."

ஒரு மாதம், துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில், அத்தானுடைய கிடங்கில் லாரி ஓட்டிய ஒரு பட்டாணியர் சொல்லிக்கொடுத்தார். டெஸ்ட் அன்று அதிகாரி அக்காவைப் பார்த்துச் சிரித்தாராம். அக்கா டிரம்களுக்கு நடுவே பின்பக்கமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, மேட்டில் ஏறி நடுவில் நின்று, ஒரு விரல்கூடப் பின்னால் உருளாமல் மேலே போய், இறங்கி வந்து, "இன்னொருக்கா செய்யணுமா?" என்று தமிழிலேயே கேட்டாராம். அதிகாரி சிரிப்பை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். அத்தான் அன்றும் டிரம்மை இடித்தார்.

அன்று மாலை தெருவில் இருந்த எட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கும் அக்கா அல்வா கிளறிக் கொடுத்தார். கொடுத்த ஒவ்வொரு வீட்டிலும் ரவிக்கைக்குள்ளிருந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினார். மறுநாளிலிருந்து அவருக்கு வேறு பெயர் இல்லை. அத்தான் அதன் பிறகு டெஸ்ட் பக்கமே போகவில்லை. கேட்டால், "வீட்டுக்கு ஒண்ணு போதும்" என்பார்.

லைசென்ஸ் கையில் வந்ததும் ஊரைவிட்டுப் போகும் ஓர் ஆங்கிலேயச் சர்வேயரிடமிருந்து அந்த ஜீப் வந்து சேர்ந்தது. ஜீப் வந்ததும் வடக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள், கடைத்தெருவுக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் காலை ஐந்து மணிக்குப் புளியோதரை தாளிக்கிற வாசனை வரும். ஆறு மணிக்கு ஜீப்பில் இரண்டு கேன் தண்ணீர், ஒரு மண்வெட்டி, நான்கு மரப்பலகை, ஒரு தூக்குவாளி. போவது எப்போதும் வடக்கேதான்.

"தெக்கயும் ஒருநாள் போவோமேக்கா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"தெக்க என்ன இருக்கு? மணல். அதுக்கும் தெக்க போனா? அதுவும் மணல். வடக்க பாரு. கடல் வருது, காயல் வருது, பேரீச்சந்தோப்பு வருது, மலை வருது. ஒரு ரோடுன்னா அது எங்கயாவது போய் முடியணும் தம்பி. எங்க முடியுதுன்னு பாக்கணும்."

இதுதான் அக்காவின் பயணக் கொள்கை. ஊர் பார்ப்பது முக்கியமில்லை. ரோடு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஷார்ஜா தாண்டி, அஜ்மான் தாண்டி, உம் அல் குவைன் உப்பளத்தைத் தாண்டி, சிவப்பு மணல் மேடுகளுக்குள் புகுந்து போனால் வலது கைப்பக்கம் மலை எழும்பும். தார் ரோட்டிலிருந்து எங்கெல்லாம் மண் தடம் பிரிகிறதோ அங்கெல்லாம் அக்கா திருப்புவார். தடம் ஒரு மீனவர் குடிசையில் முடியும். அல்லது ஒரு கிணற்றில். ஒருமுறை, ஒருவர் குளித்துக்கொண்டிருந்த இடத்தில் முடிந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றாமலே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

மணலில் சக்கரம் புதைந்தால் மண்வெட்டி எனக்கு, பலகை அத்தானுக்கு. ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் தோண்டினோம். அக்கா இறங்கி வந்து பார்த்தார். குனிந்து சக்கரத்தில் காற்றைப் பாதி இறக்கிவிட்டார். ஏறி உட்கார்ந்தார். ஜீப் வெண்ணெயில் கத்திபோல வெளியே வந்தது.

"இது முதல்லயே தெரியுமாக்கா?"

"தெரியும். நீங்க ரெண்டு பேரும் சந்தோசமாத் தோண்டிக்கிட்டிருந்தீயளேன்னு விட்டுட்டேன்."

மலையடிவாரத்தில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. பெண்களுக்குத் தனியே மறைவு கட்டியிருந்தார்கள். கால் நனைத்துவிட்டு வருகிறேன் என்று போன அக்கா இரண்டு மணி நேரம் வரவில்லை. அத்தான் கவலையில் ஊற்றைச் சுற்றி வந்தார். கடைசியில் ஐந்து அரபுப் பெண்கள் புடைசூழ, இரண்டு கையிலும் மருதாணியோடு அக்கா வெளியே வந்தார்.

"என்னக்கா பேசினீங்க அவங்ககிட்ட? உங்களுக்குத்தான் அரபி தெரியாதே."

"அவளுகளுக்கும் தமிழ் தெரியல. சரிக்குச் சரி."

ஜனவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் நான் சொல்ல வந்தது. அதுவரைக்கும் அடிவாரத்தில் சுற்றியது போதும், மலைக்குள் ஒரு தடம் போகிறது, அது எங்கே முடிகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்திருந்தார். தடம் என்றால் ரோடு இல்லை. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவில் காய்ந்த ஆற்றுப் படுகை. வாதி என்பார்கள். கூழாங்கல் மேல் ஜீப் போவது குழவிக்கல்லை உரலில் போட்டு உருட்டுவதுபோல இருந்தது. காலை வெயில் உச்சிப் பாறையில் மட்டும் பட்டு மஞ்சளாக எரிந்தது. கீழே நாங்கள் போன இடம் நிழலில் குளிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் மலை வாயை மூடிக்கொள்ளும். கிட்டே போனால் திறக்கும். திருச்சியில் நான் பார்த்த மலை ஒன்றுதான். அதற்கும் படிக்கட்டு உண்டு.

பதினோரு மணிக்குத் தடம் முடிந்தது. முடிந்த இடத்தில், படுகைக்குக் கொஞ்சம் மேலே, மூன்று கல் வீடுகள். அவற்றைச் சுற்றிக் கைக்குட்டை அகலத்தில் கோதுமை வயல்கள். வீட்டு வாசலில் ஒரு கிழவர். கையில் கைத்தடி. கைத்தடியின் உச்சியில் சின்னதாக ஒரு கோடரி.

அத்தான் என் தோளைப் பிடித்தார். அக்கா இறங்கி நேராகப் போய், வலது கையை நெஞ்சில் வைத்து, "சலாம் அலைக்கும். ரோடு இங்கன முடியுது, அதான் வந்தோம்" என்றார்.

துறைமுகத்தில் கற்ற அரபி கொஞ்சம் அத்தானிடம் இருந்தது. அதனால் மொழிபெயர்ப்பு அவர் வேலை. அக்கா நூறு வார்த்தை பேசினால் அத்தான் அதை "ஜேன்" என்று சொல்லி முடிப்பார். நல்லது என்று அர்த்தம். கிழவருக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்களை உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார். பிறகு கோடரியோடு எழுந்து, கொட்டடியில் நின்ற ஓர் ஆட்டைப் பார்த்து நடந்தார்.

விருந்து என்று புரிந்ததும் சைவ வீட்டுப் பெண்ணான அக்கா குறுக்கே பாய்ந்தார். "ஐயோ, ஆடு வேண்டாம். மாஃபி, மாஃபி." அரபியில் இல்லை என்று அர்த்தம்.

கிழவர் ஆட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, அதைவிடப் பெரிய ஆடு ஒன்றை இழுத்து வந்தார்.

"மாஃபி" என்றார் அக்கா மறுபடியும்.

கிழவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. மலைமேல் பக்கம் கையைக் காட்டினார். இன்னும் பெரியது அங்கே மேய்கிறதாம். ஆள் அனுப்புகிறாராம். அப்போதுதான் அத்தான் நடுவில் புகுந்து, நாங்கள் இறைச்சி சாப்பிடுகிறவர்கள் இல்லை என்று விளக்கினார். கிழவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தீராத வியாதிக்காரர்களைப் பார்க்கிற பார்வை அது. பிறகு உள்ளேயிருந்து சுடச்சுட ரொட்டியும் மலைத்தேனும் நெய்யும் வந்தன. அப்படி ஒரு ரொட்டியை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. எட்டு சாப்பிட்டேன்.

கிளம்பும் நேரத்தில் வானம் கறுத்தது. மழை கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மலைக்குள் எங்கோ கூட்ஸ் ரயில் வருவதுபோல ஓர் ஓசை. நாங்கள் வந்த படுகையில் செம்மண் வெள்ளம் புரண்டு வந்தது. ஆட்டுக்குட்டி அளவுக் கற்கள் தண்ணீரில் உருண்டு போயின. அரை மணி நேரம் முன்னால் கிளம்பியிருந்தால் நாங்களும் அப்படித்தான் உருண்டிருப்போம். அக்கா, "ஏ அப்பா, எவ்வளவு தண்ணி" என்று கை தட்டினார்.

அன்று கிழவர் வீட்டிலேயே தங்கினோம். எனக்குத்தான் கவலை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டியூட்டி. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

விடிந்தபோது வெள்ளம் வடிந்து, முழங்கால் ஆழத்துக்கு வந்திருந்தது. முகம் கழுவப் போன அக்காவைக் கிழவரின் மனைவி பெண்கள் வீட்டுக்குள் அழைத்துப் போனார். திரும்பி வந்த அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏங்க, இவுக மகளுக்கு முதப் பிரசவமாம். நேத்து மத்தியானத்துல இருந்து வலி. புள்ள இறங்கல. கிழவியம்மா கையைப் பிசையுதா. நம்மட்ட ஒருத்தரும் சொல்லல பாருங்க, விருந்தாளி வந்திருக்காகளேன்னு." என் பக்கம் திரும்பினார். "நாம தின்னோம்லா ரொட்டி. சுட்டது அந்தப் புள்ளதானாம்."

எனக்கு அந்த எட்டு ரொட்டியும் தொண்டைக்கு வந்தது.

ராஸ் அல் கைமாவில் ஆஸ்பத்திரி இருக்கிறது, நான் கொண்டுபோகிறேன் என்று அக்கா கையைக் காட்டிச் சொன்னார். இந்த ஒருமுறை அத்தான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். கிழவர் படுகையைப் பார்த்தார். தடம் அழிந்து போயிருந்தது. பிறகு அக்காவைப் பார்த்து, "யல்லா", கிளம்புவோம், என்றார்.

மரியம் என்ற அந்தப் பெண்ணை மெத்தையோடு தூக்கி ஜீப்பின் பின்பக்கம் கிடத்தினோம். இருபது வயதுகூட இருக்காது. வலி வந்தபோது பக்கத்தில் நின்ற அக்காவின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. அக்கா மெல்ல உருவிப் பார்த்தார். அந்தப் பெண் இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அக்காவையே பார்த்தாள்.

அக்கா என்னைப் பார்த்தார். "உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"சைக்கிள்தான்க்கா."

அக்கா அத்தானைப் பார்த்தார். அத்தான், தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மலைதான் நின்றது.

"விளையாடாத" என்றார் அத்தான்.

"விளையாடல. ஏறுங்க."

"எட்டு தடவ டெஸ்ட்டுல தோத்தவன் நான்."

"அங்கன டிரம்மு இருந்துது. இங்கன டிரம்மு எங்க இருக்கு?"

அத்தான் ஜமுக்காளத்தை எடுத்துப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார்.

அந்த ஒன்பது மைலை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். கிழவர் முன்னால் நடந்தார். கோடரித் தடியால் தண்ணீரை ஆழம் பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டினார். பின்னால் நான் இரண்டு கையிலும் இரண்டு கல்லோடு ஓடினேன். வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடை கொடுக்க. நடுவில் அத்தான். உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

"கிளச்சு. மெல்ல விடுங்க. மெல்லன்னா நிறுத்துன்னு அர்த்தம் இல்ல. ஆங், அப்படித்தான். தாயி, மூச்ச இழு, இழுத்து விடு. உங்கள இல்லங்க, நீங்க ஓட்டுங்க."

மூன்று இடத்தில் வண்டி சாய்ந்தது. ஒரு இடத்தில் வழியை அடைத்துக் கிடந்த பாறையை நானும் கிழவரும் தள்ளினோம். கடைசியாக, மலைவாய்க்குக் கொஞ்சம் முன்னால், படுகை முழுவதும் தண்ணீர். சுழித்துக்கொண்டு ஓடியது. அத்தான் நிறுத்திவிட்டார்.

"நடுவுல நின்னுட்டா?" என்று கேட்டார்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "நிக்காது. நீங்க ஓட்டுதீயள்லா."

அத்தான் ஆக்சிலேட்டரை மிதித்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் சுவர்போல எழும்பியது. எஞ்சின் இருமியது. சக்கரம் வழுக்கி வண்டி ஒரு பக்கமாக நகர்ந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அத்தான் காலை எடுக்கவே இல்லை. ஜீப் உறுமிக்கொண்டு கரையேறியபோது கிழவர் தலைத்துணியை அவிழ்த்து வானத்தில் சுழற்றினார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

நானும் கிழவரும் ஏறிக்கொண்டு, வண்டி தார் ரோட்டைத் தொட்டதும் ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்தினார். வெள்ளம் வந்ததால் மலைப்பாதையை அடைத்திருந்தார்கள். மலையிலிருந்து சேற்றுக் கட்டியாக ஒரு வண்டி வந்ததும் அவருக்குச் சந்தேகம்.

"லைசென்ஸ்?"

அத்தான் வெளிறிப்போனார். பின்னாலிருந்து, அவர் தோளுக்கு மேலே, ஒரு கை நீண்டது. அக்கா தன் லைசென்ஸை நீட்டினார். போலீஸ்காரர் போட்டோவைப் பார்த்தார். நெற்றியில் பொட்டு, மூக்குத்தி. அத்தானைப் பார்த்தார். கட்டை மீசை, இரண்டு நாள் தாடி. மறுபடி போட்டோ. மறுபடி மீசை. அப்போது மரியம் அலறினாள். போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். லைசென்ஸை இரண்டு கையாலும் அத்தானிடமே திருப்பிக் கொடுத்தார். ஓடிப்போய்த் தன் வண்டியை எடுத்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் முன்னால் சைரன் போட்டுக்கொண்டு போனார்.

ஹாரன் இல்லாத ஜீப்புக்கு அன்று சைரன் கிடைத்தது. அத்தான் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினார்.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் நலம், பிள்ளையும் நலம். கிழவர் ஆஸ்பத்திரி முற்றத்தில் அத்தானைக் கட்டிப்பிடித்து, அவர்கள் வழக்கப்படி மூக்கோடு மூக்கை வைத்து உரசினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, பேத்திக்கு உன் பெயரைத்தான் வைக்கப் போகிறேன், பெயர் என்ன என்று கேட்டார்.

"செண்பகவல்லி" என்றார் அக்கா.

நானே அன்றுதான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். கிழவர் முயன்றார். "ஷம்பக..." என்று தொடங்கினார். நிறுத்தினார். "ஷன்பகபல்..." மூன்றாவது தடவை மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் யோசித்தார். குழந்தைக்குக் கடைசியில் ஃபாத்திமா என்று வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஆபீஸுக்குப் போனேன். வேலை போயிற்று என்று முடிவு கட்டிவிட்டுத்தான் போனேன். இங்கிலீஷ்கார மேனேஜர் முழுக்கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "எந்த வழியாகப் போனீர்கள், வரைந்து காட்டு" என்றார். வரைந்து கொடுத்தேன். அந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாயிற்று. காரணம் ஆபீசில் நான் போட்ட வேறு எந்த வரைபடமும் இல்லை, அந்தத் தாள்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வீட்டில் அக்கா ஒரு சட்டம் போட்டார். "இனிமே இந்த வீட்டுல ஓட்டத் தெரியாத ஆம்பிள ஒருத்தரும் இருக்கப்பிடாது."

அத்தான் உடனே கையைத் தூக்கினார். "நான் ஓட்ட வேண்டியத ஓட்டியாச்சு."

அதை அக்காவும் ஒத்துக்கொண்டார். அதனால் நான் மாட்டிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் பொட்டலில் பயிற்சி. அக்கா முன்னால் நின்று, நேராகத் தன்னைப் பார்த்து ஓட்டிவந்து, தன் கால்விரலுக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தச் சொல்வார். "பிரேக்கு எப்பப் போடணும்னு அப்பத்தான் மனசுல நிக்கும்" என்பார். "தம்பி, ஒட்டகத்தக் கண்டா நீ நில்லு. அது நிக்காது. அதுக்கு லைசென்ஸு வேண்டாம்."

இரண்டாவது டெஸ்ட்டில் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. அன்றைக்கும் தெருவில் எட்டு வீட்டுக்கும் அல்வா போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் அக்கா சாவியை என் கையில் வைத்தார். ஜமுக்காளத்தைப் பக்கத்து இருக்கையில் போட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஷார்ஜா தாண்டியது. அஜ்மான் தாண்டியது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னக்கா, தப்பா ஓட்டுறேனா?"

"சும்மா இரு."

கொஞ்ச தூரம் போனதும் காயல் ஓரத்தைக் கை காட்டினார். "அதென்ன, ரோஸ் கலர்ல?"

"பூநாரை" என்றார் அத்தான், பின்னாலிருந்து. "குளிர்காலம் பூராவும் நிக்கும்."

"எப்பவுமா?"

"நாம வந்த அன்னைல இருந்து."

மணல் மேடுகள் சிவந்தன. அதற்குப் பின்னால் மலை எழும்பத் தொடங்கியது. அக்கா முன்னால் சாய்ந்து, ஜீப்பின் முன்கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏங்க, அந்த மலை காலையில இப்படி ஊதாவாவா இருக்கும்?"

"ஊதாவாத்தான் இருக்கும். பொறவு சாம்பலாயிரும்."

"நீங்க சொல்லவே இல்லியே."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டணுமேன்னு சொல்லல" என்றார் அத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை வெள்ளிக்கிழமைகளாக எங்களுக்கு வடக்கைச் சுற்றிக் காட்டியவர், ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததே இல்லை.

ஆக்சிலேட்டரிலிருந்து என் கால் தானாக மேலே வந்தது. லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு டாக்சி தாண்டிப் போயிற்று. மலையடிவாரம் போய்ச்சேர வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று. சீக்கிரம் போ என்று அக்கா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.